வலது கண்ணுக்கான தாவா

கன்னியப்பனுக்கு வலது கையில் ஆள்காட்டி விரல் கிடையாது. குன்றத்தூர் ரோட்டில் தகரப் பாகங்கள் அடிக்கும் ஒரு சின்னப் பட்டறையில் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். 1984இல் அந்த மெஷின் விரலை எடுத்துக்கொண்டது. ஈ.எஸ்.ஐ. வசதியில்லாத பட்டறை என்பதால் விஷயம் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்த அதிகாரி ஒரு புத்தகத்தைப் பிரித்து, அதிலிருந்த பட்டியலில் ஸ்கேல் வைத்துப் பார்த்து, "ஆள்காட்டி விரல் முழுசும். நூத்துக்குப் பதினாலு" என்றார். சம்பளம், வயசு எல்லாவற்றையும் போட்டுப் பெருக்கினார்கள். நாலு மாதத்தில் பணம் வந்தது. முதலாளி சண்டை போடவில்லை, கன்னியப்பனும் பேரம் பேசவில்லை. அதே பட்டியலில் கொஞ்சம் கீழே 'ஒரு கண்' என்றும், அதற்கு நேராக நாற்பது என்றும் இருந்ததை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு மறந்தும் போனார்.

ஐந்து வருடம் கழித்து அவருடைய மகள் அறிவுமதியின் வலது கண் போனது. அது போனது பள்ளிக்கூடத்தில்.

அவர்கள் குடியிருந்த வடக்குப்பட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருந்தது தேசிகாமணி உயர்நிலைப் பள்ளி. நிர்வாகம் தனியார், ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசாங்கம். 1989 பிப்ரவரியில் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று சேதி வந்ததும் சுவர்களுக்கு வெள்ளையடிக்க ஏற்பாடு நடந்தது. ஒன்பதாம் வகுப்பு ஜெயலட்சுமி டீச்சர் ஆறு பெண்களைப் பெயர் சொல்லி எழுப்பி, பின்பக்கம் போய்ச் சுண்ணாம்பு நீற்றுகிற வேலைக்குத் தண்ணீர் தூக்கச் சொன்னார். பாதியாக வெட்டிய தார் டிரம்மில் சுட்ட கிளிஞ்சல் கொட்டிக் கிடந்தது. மூன்றாவது வாளியை ஊற்றியது அறிவுமதி. கொதித்துக்கொண்டிருந்த சுண்ணாம்பு ஒரு முறை பொங்கித் தெறித்தது.

ஸ்ரீபெரும்புதூருக்கு சைக்கிள் கேரியரில், அங்கிருந்து எழும்பூருக்கு ஆம்புலன்ஸில். இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. இடது கண் தப்பித்தது. வலது கண் வேகவைத்த முட்டை போல வெளுத்து நின்றது.

அவள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், பள்ளித் தாளாளர் தாண்டவராயன் காரில் வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம், உறையில் ஐயாயிரம் ரூபாய், மடித்த ஒரு தாள். "பொண்ணு எட்டாவது பாஸ் பண்ணிட்டா இல்ல? நம்ம ஸ்கூல்லயே ஆயா வேல போட்டுடறேன். அதுக்கு நான் பொறுப்பு" என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னதாகக் கன்னியப்பனுக்குத் தோன்றவில்லை. தாளை வாங்கிப் படித்தார். 'என் மகள் ஆசிரியரின் தடையை மீறித் தானாகவே விளையாடச் சென்று' என்று ஆரம்பித்தது. கன்னியப்பன் பேனாவைக் கேட்டு வாங்கினார். மனைவி முனியம்மாளும் தலையாட்டினாள்.

கட்டிலில் கட்டோடு படுத்திருந்த அறிவுமதி, "இன்னாப்பா எழுதிக்கீது அதுல?" என்றாள்.

படித்துக் காட்டினார்.

"நான் தானா போவல. டீச்சர்தான் என் பேரச் சொல்லி எழுப்புனாங்க. மேரியையும் எழுப்புனாங்க, போயி கேளு."

தாண்டவராயன் சிரித்தார். "அது ஒரு ஃபார்மாலிட்டிக்கு எழுதறதும்மா."

"பொய்தானே?" என்றாள் அவள்.

கன்னியப்பன் பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். அந்த நேரத்தில் அவருக்குப் பெரிய கோபம் ஒன்றும் இல்லை. படுத்துக் கிடக்கிற பிள்ளையிடம் எதற்கு வம்பு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் நாளைக்கு உறையும் வரவில்லை, காரும் வரவில்லை. பள்ளிப் பதிவேட்டில் மட்டும் அந்த வாசகம் ஏறியிருந்தது.

பட்டறையில் ஒருவர் சொல்லிக் காஞ்சிபுரத்தில் வக்கீல் சாம்சனைப் போய்ப் பார்த்தார். சாம்சனுக்கு நாற்பது வயது இருக்கும். பேச்சில் மெதுவானவர். கன்னியப்பன் தன் கையை மேஜைமேல் வைத்து, "சார், இதுக்குப் பதினாலு. கண்ணுக்கு நாப்பது. அந்தப் புக்லயே பாத்துருக்கேன். அதப் போட்டு வாங்கிக் குடுத்துடுங்க" என்றார்.

"அந்தப் பட்டியல் தொழிலாளிக்கு. உங்க பொண்ணு மாணவி. மாணவிக்குப் பட்டியல் கிடையாது."

"வேல வாங்கசொல்ல மட்டும் தொழிலாளியா சார்?"

சாம்சன் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பிறகு விளக்கினார். சிவில் கோர்ட்டில் தாவா போட வேண்டும். தப்பு பள்ளியுடையது என்று முதலில் நிரூபிக்க வேண்டும். அப்புறம் எவ்வளவு நஷ்டம் என்று நிரூபிக்க வேண்டும். எவ்வளவு கேட்பது என்பது நம் இஷ்டம். ஆனால் கேட்கிற ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஏழரை ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் வைக்க வேண்டும்.

"ஒரு லட்சம் கேட்டா?"

"ஏழாயிரத்து ஐநூறு."

கன்னியப்பன் வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தார். போனஸ் வர இன்னும் நாள் கிடந்தது. இரண்டு ஆட்டை விற்றார், முனியம்மாளின் கம்மலை அடகு வைத்தார். எல்லாம் சேர்த்து மூவாயிரம் தேறியது. எனவே தாவா நாற்பதாயிரத்துக்குப் போடப்பட்டது. மகளுடைய கண்ணின் விலையை இப்படித்தான் முடிவு செய்தோம் என்பதை அவர் பட்டறையில் யாரிடமும் சொல்லவில்லை.

அறிவுமதியை ஸ்ரீபெரும்புதூர் அரசுப் பள்ளிக்கு மாற்றினார்கள். ஒரு வருடம் வீணாகி, மறுபடி ஒன்பதாவது படித்தாள். காலையில் ஏழேகால் பஸ்ஸில் போய் சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பினாள். வெளுத்த கண் தெரியாமல் இருக்கத் தலைமுடியை வலது பக்கம் கொஞ்சம் இறக்கி வாரிக்கொள்வாள். வழக்கு வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது. வாய்தா அன்றைக்கெல்லாம் கன்னியப்பனுக்குச் சம்பளம் கிடையாது.

1991இல் அவள் பத்தாவது எழுதினாள். மே மாதக் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் முழுக்கப் போலீஸாக இருந்தது, பஸ்ஸும் ஒழுங்காக ஓடவில்லை. மார்க் ஷீட் கைக்கு வர ஜூன் கடைசி ஆகிவிட்டது. ஐநூறுக்கு நானூற்று ஒன்று. கன்னியப்பன் பட்டறை முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். ஜூலை எட்டாம் தேதி சாட்சி விசாரணை என்று கார்டு வந்ததும், மகளை அழைத்துக்கொண்டு ஒரு பெட்டி மைசூர்பாகோடு சாம்சனிடம் போனார்.

"நானூத்தி ஒண்ணு சார்!"

சாம்சன் பெட்டியை வாங்கி வைத்தார். முகம் மலரவில்லை. "ரொம்ப சந்தோஷம்" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "கோர்ட்டுக்கு அந்த மார்க் ஷீட்டக் கொண்டு வராதீங்க" என்றார்.

"ஏன் சார்?"

"நாம தாவாவுல இன்னா எழுதியிருக்கோம்? கண்ணு போனதால படிப்பு போச்சு, எதிர்காலம் போச்சுன்னு எழுதியிருக்கோம். எவ்ளோ போச்சோ அவ்ளோதான் நஷ்டஈடு. கண்ணு போச்சுன்னு காட்டினா மட்டும் பத்தாது கன்னியப்பன். வாழ்க்க போச்சுன்னு காட்டணும்." பிறகு அறிவுமதியைப் பார்த்து, "அவங்களா கேக்காத வரைக்கும் மார்க்கப் பத்திப் பேசாதம்மா. கேட்டா, படிச்சாத் தலைவலி வருது, மேல படிக்க முடியாது போலன்னு சொல்லு. அது பொய்யில்லயே?" என்றார்.

அறிவுமதி மேஜைமேல் இருந்த கேஸ் கட்டைக் காட்டி, "அந்தத் தாவாவ நான் படிக்கலாமா சார்?" என்று கேட்டாள்.

அவள் பெயரில் போட்ட வழக்கு. மைனர் என்பதால் அப்பாதான் கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டு வருடத்தில் அவள் அதைப் படித்ததில்லை. சாம்சன் நகலை நீட்டினார். அவள் இடது கண்ணுக்கு நேராகத் தாளைப் பிடித்துப் படித்துக்கொண்டே வந்து, ஏழாவது பத்தியில் நின்றாள். வாய்விட்டுப் படித்தாள். "'வாதியின் முகம் விகாரமடைந்துவிட்டபடியால் அவருக்குத் திருமண வாய்ப்பு முற்றிலும் அற்றுப்போய்விட்டது. அவர் ஆயுள் முழுவதும் பிறரை அண்டியே வாழ வேண்டியவர்.'"



"இத நீதான் சொன்னியாப்பா?"

"சார் எழுதுனாரும்மா. எல்லாக் கேசுலயும் அப்படித்தான் எழுதுவாங்களாம்."

"நீ கையெழுத்துப் போட்டுருக்க."

பஸ்ஸில் வரும்போது அவள் முன் சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அவருக்கு ஆத்திரம் வந்தது. "இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கினு கீற? யாருக்கோசரம் நான் நாயா அலையறேன்? ரெண்டு வார்த்த சொன்னா நாப்பதாயிரம் வரும். சொல்லிட்டுப் போயேன். யாரு உன்ன வந்து அளந்து பாக்கப் போறாங்க?"

முனியம்மாள் சோறு போட்டுக்கொண்டே, "அவர் சொல்றதக் கேளு மதி. காசு வந்தா உனக்குத்தான்" என்றாள்.

"கேக்கறேன்" என்றாள் அறிவுமதி. எதைக் கேட்கிறாள் என்று இருவருக்கும் புரியவில்லை.

ஜூலை எட்டாம் தேதி கோர்ட்டில் கூட்டம் அதிகமில்லை. முதலில் அறிவுமதி கூண்டில் ஏறினாள். சாம்சன் கேட்டதற்கெல்லாம் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். டீச்சர் எழுப்பிய ஆறு பேரின் பெயரையும் வரிசையாகச் சொன்னாள். பிறகு பள்ளியின் வக்கீல் சுப்பிரமணி எழுந்தார். வயதானவர், பல் கட்டியவர், குரல் மட்டும் கணீரென்று இருந்தது.

"பத்தாவது பாஸ் பண்ணிட்டியாம்மா?"

"பண்ணிட்டேங்க."

"எவ்வளவு மார்க்?"

சாம்சன் தன் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். கன்னியப்பன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அறிவுமதி அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நானூத்தி ஒண்ணுங்க."

"சபாஷ். ரெண்டு கண்ணு இருக்கறவனே அவ்ளோ எடுக்க மாட்டான். அப்போ உனக்கு ஒரு கண்ணே போதுமா இருக்கு?"

"கேள்விய மாத்திக் கேளுங்க" என்றார் நீதிபதி.

ஆனால் அறிவுமதி பேச ஆரம்பித்துவிட்டாள். "போதாதுங்க. போர்டுல பாதிதான் தெரியும், பக்கத்துப் பொண்ணு நோட்டப் பாத்து எழுதுவேன். தண்ணி ஊத்தசொல்ல டம்ளருக்கு வெளிய போயிடும். படி இறங்கசொல்ல ஆழம் தெரியாது. வலது பக்கமா வர்ற வண்டி கிட்ட வர்ற வரைக்கும் தெரியாது. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு தடவ சைக்கிள் மோதிடுச்சு. ஒரு தடவ முழங்கால்ல மூணு தையல். வூட்ல கல்லு தடுக்கி வுழுந்துட்டேன்னு சொன்னேன்."

நீதிபதி எழுதிக்கொண்டிருந்தார். "மெதுவாச் சொல்லும்மா. தண்ணி ஊத்தறப்போ?"

அவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். கன்னியப்பனுக்கு அந்தத் தையல் ஞாபகம் இருந்தது. ரோட்டைப் பார்த்து நடக்கத் தெரியாதா என்று அன்றைக்கு அவளைத் திட்டியதும் ஞாபகம் இருந்தது. இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு, மகளுக்குப் படியின் ஆழம் தெரியாது என்பதை ஒரு கோர்ட் பெஞ்சில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மத்தியானம் பள்ளித் தரப்புச் சாட்சிகள். ஜெயலட்சுமி டீச்சர் கூண்டில் ஏறிப் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். யாரை எழுப்பினீர்கள் என்று சாம்சன் கேட்டதற்கு "ஞாபகமில்ல" என்றார். தலைமையாசிரியர் உங்களுக்கு உத்தரவு போட்டாரா? "ஞாபகமில்ல." குழந்தைகள் தண்ணீர் தூக்கியதைப் பார்த்தீர்களா? "ரெண்டு வருஷம் ஆச்சுங்க." இறங்கிப் போகும்போது அறிவுமதி உட்கார்ந்திருந்த பக்கம் பார்க்காமல் போனார்.

அடுத்து தலைமையாசிரியர் இளங்கோவன். சுண்ணாம்பு நீற்றியது வெளியிலிருந்து வந்த கூலியாள்தான், மாணவிகள் தாங்களாக வேடிக்கை பார்க்கப் போனார்கள் என்று தெளிவாகச் சொன்னார். சாம்சன் அவசரப்படவில்லை.

"கூலியாள் பேர் இன்னா?"

"யாரோ வெளியூர்க்காரன்."

"எத்தன நாள் வேல?"

"மூணு நாள்."

"உங்க ஸ்கூல் அரசு உதவி வாங்கற ஸ்கூல். ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கினாலும் ஆடிட்டுக்கு வவுச்சர் வெக்கணும். சரியா?"

"சரி."

"சுண்ணாம்பு வாங்கினதுக்கு வவுச்சர் இருக்கு. மட்டை பிரஷ் வாங்கினதுக்கு இருக்கு. உங்க பக்கத்துலேர்ந்து தாக்கல் ஆன ஃபைல்லயே இருக்கு. மூணு நாள் கூலிக்கு வவுச்சர் எங்க?"

தலைமையாசிரியர் சுப்பிரமணி வக்கீலைப் பார்த்தார். சுப்பிரமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கையில குடுத்திருப்பாங்க."

"யாரு கையில?"

'சாட்சி பதிலளிக்கவில்லை' என்று நீதிபதி சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடித்தார்.

தீர்ப்பு அக்டோபர் கடைசியில் வந்தது. கூலியாள் என்று ஒருவர் இருந்ததற்கு ஆதாரமில்லை, வாதி ஆசிரியர் உத்தரவின் பேரிலேயே சுண்ணாம்பு டிரம்முக்குச் சென்றார், அந்த உத்தரவுக்கும் அதனால் ஏற்பட்ட காயத்துக்கும் பள்ளி நிர்வாகமே பொறுப்பு என்று எழுதியிருந்தது. தனக்குப் பாதகமான மதிப்பெண்ணையும் மறைக்காமல் கூறிய வாதியின் சாட்சியத்தை முழுமையாக நம்புவதாகவும் இருந்தது. ஆனால் அடுத்த பக்கத்தில், வாதி கல்வியைச் சிறப்பாகத் தொடர்ந்துவருவதால் எதிர்கால வருமான இழப்பு என்று கேட்ட தொகையில் பெரும்பகுதியை ஏற்க முடியவில்லை என்றிருந்தது. மொத்தம் இருபத்து நாலாயிரம், செலவுத் தொகையுடன்.

கன்னியப்பன் அன்று மத்தியானமே தொழிலாளர் அலுவலகத்தில் பழக்கமான குமாஸ்தாவிடம் போய் ஒரு கணக்குப் போடச் சொன்னார். அறிவுமதி பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பட்டறையில் அறுநூறு ரூபாய் சம்பளத்துக்கு ஹெல்பராக இருந்து, அங்கே கண் போயிருந்தால்? குமாஸ்தா பெருக்கிப் பார்த்து, இருபத்தேழாயிரம் சொச்சம் என்றார். கன்னியப்பன் அந்தத் துண்டுத்தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டில் காட்டவில்லை.

தீபாவளி கழிந்ததும் சாம்சன் வரச்சொல்லிக் கார்டு போட்டார். பள்ளி நிர்வாகம் செங்கல்பட்டில் அப்பீல் போட்டிருந்தது. கூடவே ஒரு பேச்சும் அனுப்பியிருந்தது.

"முப்பதாயிரம் தர்றாங்களாம். உடனே, ரொக்கமா. அப்பீல் கோர்ட்டுல ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மெமோ போடணும். கீழ் கோர்ட் தீர்ப்ப ரத்து பண்ணிக்கலாம், யார் மேலயும் தப்பில்ல, தற்செயலா நடந்ததுன்னு."

"தீர்ப்பவிட ஆறாயிரம் அதிகமாத் தராங்களா? ஏன் சார்?"

"அந்தத் தீர்ப்பு இருந்தா, பிள்ளைங்கள வெச்சு வேல வாங்கினாங்கன்னு கல்வித்துறை கேள்வி கேக்கும். கிராண்ட் நிக்கலாம். அவங்களுக்கு அதுதான் கவலை." சாம்சன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நான் வேணும்னும் சொல்ல மாட்டேன், வேணாம்னும் சொல்ல மாட்டேன். அப்பீல் முடிய மூணு வருஷம் ஆவலாம். அங்க போயி தொகை இன்னும் குறையவும் செய்யலாம். வூட்ல பேசிட்டு வாங்க."

வீட்டில் பேசினார். முனியம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. "வாங்கிக்கினு வா. அவ தானா போனான்னு எழுதலயே, யாரு மேலயும் தப்பில்லன்னுதானே எழுதறாங்க. என் கம்மல் இன்னும் அடகுலதான் கீது."

அறிவுமதி பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் டெஸ்ட். "உனக்கு இன்னா தோணுது?" என்று கேட்டார்.

"எனக்குச் சலிச்சுப் போச்சுப்பா. நான் சொல்ல வேண்டியதக் கோர்ட்டுல சொல்லிட்டேன். நீயே பாத்துக்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவருக்குக் கஷ்டமாக இருந்தது. சண்டை போட்டிருந்தால் அவர் ஒரு பக்கம் நின்றிருக்கலாம். ஷிஃப்ட் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு பிரஸ்ஸை ஓட்டினார். ஆறாயிரம் என்பது அவருடைய ஐந்து மாதச் சம்பளம். கம்மலை மீட்கலாம். ஓடு மாற்றலாம். யார் மேலும் தப்பில்லை என்று எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள்? யாரும் படிக்க மாட்டார்கள். ஆனால் கூண்டில் நின்று அவள் ஆறு பெயரையும் வரிசையாகச் சொன்னபோது இவர் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்? அதற்கு முன் ஒரு முறை பேனா வாங்கியதும் இவர்தான், ஏழாவது பத்திக்குக் கீழே கையெழுத்துப் போட்டதும் இவர்தான். மூன்றாவதாக ஒரு தாளில் மகள் பேரில் கையெழுத்துப் போட அவருக்கு மனசு வரவில்லை. இதற்கு மேல் பெரிய காரணம் எதையும் அவரால் சொல்லியிருக்க முடியாது.

சனிக்கிழமை காஞ்சிபுரம் போய், "அப்பீல் நடக்கட்டும் சார்" என்றார்.

"யோசிச்சுட்டீங்களா?"

"யோசிச்சுட்டேன். அந்த மெமோ வேணாம்."

சாம்சன் தலையசைத்துவிட்டு அடுத்த கட்டை எடுத்தார். முனியம்மாள் ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை.

செங்கல்பட்டு கோர்ட் பாதித் தொகையை முதலில் கட்டச் சொன்னது. பள்ளி நிர்வாகம் பன்னிரண்டாயிரத்தைக் கட்டியது. மைனர் பணம் என்பதால் அது வங்கியில், அறிவுமதிக்குப் பதினெட்டு முடிகிற வரைக்கும் யாரும் தொட முடியாமல் உட்கார்ந்துகொண்டது. வைத்தியச் செலவுக்கு என்று மனுப் போட்டு, சாம்சன் அதில் ஆயிரத்து ஐநூறு மட்டும் எடுத்துக் கொடுத்தார். டிசம்பர் இரண்டாவது வாரம் கன்னியப்பன் லீவு போட்டுவிட்டு மகளைச் சென்னைக்குக் கூட்டிப்போனார்.

வெளுத்த கண்மேல் மூடி போலப் பொருத்துகிற செயற்கைக் கண் வைக்கிற இடம் ஒரு மாடியில் சின்ன அறை. படி ஏறும்போது கன்னியப்பன் அவளுடைய வலது பக்கமாக நடந்தார். அங்கிருந்த பெண் ஒரு தட்டை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். பஞ்சுமேல் வரிசையாகக் கண்கள், கறுப்பிலிருந்து தேன் நிறம் வரைக்கும். கன்னியப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அறிவுமதி குனிந்து, கைக்கண்ணாடியில் தன் இடது கண்ணையும் தட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். இரண்டை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். மூன்றாவதைப் பொருத்தியதும் கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்தாள்.

"கலர் கொஞ்சம் லைட்டா கீது, இல்ல?" என்றாள்.

"தெரியலம்மா. நல்லாத்தான் கீது. வலிக்குதா?"

"வலிக்கல. சில்லுனு கீது."

அதையே எடுத்துக்கொண்டார்கள். ராத்திரி கழற்றி எப்படிக் கழுவி வைக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லிக் கொடுத்ததை அறிவுமதி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். கன்னியப்பன் பணத்தைக் கட்டி ரசீது வாங்கினார். கோர்ட்டில் கணக்குக் காட்ட வேண்டும் என்று சாம்சன் சொல்லியிருந்தார். கீழே இறங்கி, பூந்தமல்லி போகிற பஸ்ஸுக்கு நின்றார்கள்.

"மத்தியானம் சாப்ட்டுட்டுப் போலாமாப்பா?" என்று கேட்டாள் அவள். "எனக்குப் பசிக்குது."

எதிரே ஒரு ஓட்டல் இருந்தது. அவர் அவள் கையைப் பிடித்து ரோட்டைக் கடந்தார்.